தாடைக்கு ஓர் உள்ளங்கை

ஆவணி நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டே காலுக்கு, எங்கள் நாய் மயக்கத்திலிருந்து எழுந்தான். மருத்துவமனைத் தரையில் நான்கு அடி தள்ளாடி நடந்தான். என்னைப் பார்த்ததும் திரும்பிப் போய்ச் சுவரோரம் படுத்துக்கொண்டான். மயக்கம் இன்னும் முழுசாகத் தெளியவில்லை என்றாள் என் மனைவி. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வைத்தியர் கன்னடத்தில் நிதானமாக விளக்கினார். வலது காதில் நாள்பட்ட சீழ். சுத்தம் செய்தாகிவிட்டது. ஒரு மாதம் காதுக்குள்ளேயே தங்கி வேலை செய்யும் களிம்பு ஒன்றை வைத்திருக்கிறார். வலிக்கும் வீக்கத்துக்கும் மாத்திரை உண்டு. மாதம் முடிந்ததும் காதுக்குள் விளக்கடித்துப் பார்க்க வேண்டும்; அதன் பிறகு வீட்டிலேயே தினமும் சொட்டு மருந்து விட வேண்டும். அவன் இதயத்தில் ஓர் இரைச்சல் கேட்கிறது, அதனால் ஒவ்வொரு தடவையும் மயக்க மருந்து கொடுப்பது நல்லதல்ல. காதை அப்படியே விட்டாலோ உள்குழாய் தடித்து அடைத்துக்கொள்ளும், பிறகு பெரிய அறுவைதான். அந்த ஒரு மாதத்துக்குள் அவன் காதைத் தொட விட்டாக வேண்டும்.

"தொட விடுவானா?" என்று கேட்டார்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

காரணம் இதுதான். இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் ஆனி மாத மழையில், மண்டி மொஹல்லா என்கிற பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டின் படிக்கட்டில் அவனாகவே வந்து உட்கார்ந்தான். செங்கல் நிறம், மடிந்த காதுகள், யார் பேசினாலும் பேசுகிறவரின் முகத்தைப் பார்க்காமல் கையையே பார்க்கிற வழக்கம். மூன்றாம் நாள் உள்ளே வந்துவிட்டான். போன வருடம் காது முதன்முறை சீழ் வைத்தபோது வேறோர் இடத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே நான்கு பேர் அவனை அழுத்திப் பிடித்தோம்: மருந்து கொடுப்பவர், ஆட்டோக்காரர், எங்கள் வீட்டுக்குக் கீழே கயிற்றுக் கடை வைத்திருப்பவர், நான். தலையைப் பிடித்தது நான். அன்றைய குறிப்பில், "ஒத்துழைத்தான். ஆறு நிமிடம்" என்று எழுதியிருக்கிறேன். ஒத்துழைக்கவில்லை, அசைய முடியவில்லை, அவ்வளவுதான். அதன் பிறகு என் கை அவன் கழுத்துக்கு மேலே போனால் மேசைக்கடியில் போய்விடுவான். சோற்றைக்கூட நான் வைத்து நகர்ந்த பிறகே தின்பான்.

மாதம் தொடங்கிய சனிக்கிழமையை நாள் ஒன்று என்று குறித்துப் புதிய நோட்டு ஒன்று போட்டேன். வீட்டு நடப்புக்கு எனக்கு வேறொரு நோட்டு உண்டு. நாற்பது வருடப் பழக்கம். அது தமிழ்த் தேதியில் ஓடும், ஏனென்றால் சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரித் தாள் நாட்காட்டியைக் கிழிக்கிற வேலை என்னுடையது. நாய் நோட்டு நாள் எண்ணில் ஓடியது. இரண்டும் இரண்டு அலமாரியில் இருந்தன. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

நாய்களைப் பற்றி நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன். அதில் பாதி, வீட்டில் யார் எஜமான் என்று நாய்க்குக் காட்ட வேண்டும் என்றது. நாள் இரண்டு, ஞாயிறு, வைத்தியர் சொல்லி அனுப்பிய பயிற்சிக்காரப் பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது, படித்ததைப் பெருமையாகச் சொன்னேன். இருபத்தைந்து வயது இருக்கும் அவளுக்கு. கன்னட வீட்டுப் பெண், பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கற்ற தமிழ்.

"அய்யோ, அது பேடா, வேணாம் அங்கிள். எஜமான் யாருன்னு அவனுக்கு நல்லாவே தெரியும். அதனாலதான் டேபிள் கீழே இருக்கான்" என்றாள்.

கீழே உட்கார்ந்தாள். ஒரு பழைய துண்டை விரித்தாள். முழங்கால் உயரத்தில் உள்ளங்கையை மேலே பார்த்தபடி நீட்டிவிட்டுச் சும்மா இருந்தாள். நாயைக் கூப்பிடவில்லை, பார்க்கவுமில்லை. பத்து நிமிடம் கழித்து மூக்கு மட்டும் மேசைக்கடியிலிருந்து வெளியே வந்தது. நாக்கால் ஒரு சொடுக்குப் போட்டு, வேகவைத்த கோழி ஈரல் துணுக்கு ஒன்றைத் துண்டின்மேல் வைத்தாள். ஒரு கடலைப்பருப்பு அளவுதான் இருக்கும்.

"அவன் தானா வந்து தாடைய இந்தக் கையில வைக்கணும். வெச்சா சொடுக்கு, உடனே ஈரல். தாடைய எடுத்துட்டா நாம நிறுத்தணும். நோடி, பாருங்க அங்கிள், இதுதான் முக்கியம். எடுத்துட்டான்னா 'வேணாம்'னு சொல்றான். அவன் வேணாம்னா வேணாம்தான்."

"ஒரு மாசத்துல மருந்து விடணுமே?"

"அவசரம் உங்களுக்கு. அவனுக்கு இல்ல."

சொடுக்கில்தான் முதல் சிக்கல். என் மேல்வரிசைப் பல் செட், நாக்கைச் சொடுக்கினால் சத்தத்துக்குப் பதில் செட் வருகிறது. என் மனைவி ராமாபுரத்தில் மாடு பூட்டுகிற வீட்டில் பிறந்தவள். அடுப்படியிலிருந்தே சுருக்கென்று ஒரு சொடுக்குப் போட்டாள், நாய் திரும்பியே பார்த்துவிட்டது.

"ஆன்ட்டி சூப்பர்! நீங்களே பண்ணுங்களேன்."

"எனக்கெதுக்குங்க அம்மிணி இந்த வேல. சோறு ஆக்கிப் போடறேன், அதோட சரி. நாயத் தொட்டுப்போட்டு அப்பறம் யாரு தலைக்குத் தண்ணி ஊத்தறது?"

கடைசியில் என் சட்டைப் பையிலிருந்த பேனா கைகொடுத்தது. அமுக்கினால் 'டக்'. எப்போதும் ஒரே மாதிரி 'டக்'. நாள் மூன்றிலிருந்து அதுதான் எங்கள் சொடுக்கு.

இதனால் வந்த விளைவை நாள் ஐந்தில் கண்டுகொண்டேன். குறிப்பு எழுதப் பேனாவை அமுக்கும் போதெல்லாம், அதுவரை என் பக்கமே வராதவன், இரண்டு முழத் தூரத்தில் வந்து நின்று ஈரலுக்குக் காத்திருந்தான். சொடுக்கினால் கட்டாயம் கொடுத்தே ஆக வேண்டும் என்பது விதி. அன்று மாலை நடந்ததை விவரமாக எழுதி முடிப்பதற்குள் ஒரு கிண்ணம் காலி. மறுநாளிலிருந்து குறிப்பேட்டுக்குப் பென்சில் என்று முடிவாயிற்று.

கீழே கயிற்றுக் கடைக்காரர் படியில் ஏறி வந்து எட்டிப் பார்ப்பார். துண்டின்மேல் சம்மணமிட்டு, கையை ஏந்திக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "சார், பாடம் அவனுக்கா உங்களுக்கா? அவன் பாட்டுக்கு ஹாயா படுத்திருக்கான், நீங்கதான் வேர்த்து ஒழுகறீங்க" என்பார். அவரும் பிடித்த நால்வரில் ஒருவர் என்பதால் நாய் அவருக்கு முதுகைக் காட்டிக்கொள்ளும். அதையும் அவர் கவனித்திருந்தார். அடுத்த முறை வரும்போது படியிலேயே உட்கார்ந்து, ஒரு ஈரல் துணுக்கைக் கேட்டு வாங்கி, பார்க்காமல் பின்னால் உருட்டிவிட்டுப் போனார்.

நாள் ஏழில் தாடை முதன்முதலாக என் விரல் நுனியில் பட்டது. ஒரு நொடிக்கும் குறைவு. ஈரமாக, எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. பேனாவை அமுக்க மறந்துபோனேன். நாள் பத்தில் மூன்று நொடி. நாள் பன்னிரண்டில் எட்டு நொடி. இடது கையில் தாடையை வைத்திருக்க, வலது கையால் காதுமடலின் ஓரத்தை ஒரு விரலால் தொட்டேன். தாடை எடுக்கப்படவில்லை. அன்று புதன்கிழமை. நோட்டில் அந்த வரிக்கடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். மாத முடிவுக்குள் சொட்டு மருந்து, அதற்கு மேல் என்ன வேண்டும் என்று கணக்குப் போட்டு, ஒவ்வொரு நாளுக்கும் எத்தனை நொடி என்று அட்டவணையே எழுதிவிட்டேன்.

நாள் பதின்மூன்றில் அவன் துண்டுக்கு வரவில்லை.

நாள் பதினான்கில் வந்தான், மோந்தான், போனான். பதினைந்தில் தாடைக்குப் பதில் மூக்கைக் கையில் ஒருமுறை இடித்துவிட்டு மேசைக்கடியில் போய்ப் படுத்தான். பதினாறில் மேசையைவிட்டே வரவில்லை.

நான் காரணம் தேடினேன். தசராவுக்கு யானைகளும் குதிரைகளும் சத்தத்துக்குப் பழகப் பீரங்கி வெடித்துப் பார்ப்பார்களே, அது அந்த வாரம்தான் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிள்ளையார் ஊர்வலங்கள் வேறு இன்னும் முடியவில்லை, தமட்டை மேளச் சத்தம் சந்துக்குள் புகுந்து சுவருக்குச் சுவர் மோதியது. ஆனால் பீரங்கி வெடிக்காத நாளிலும் அவன் வரவில்லை. மழையா என்று பார்த்தேன். நான் மாற்றிய சோப்பா என்று பார்த்தேன். பழைய சோப்பை வாங்கி வந்து இரண்டு முறை குளித்தேன்.

பயிற்சிக்காரப் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"ஒண்ணும் மாறலையே அங்கிள்? எடம் அதேதானே? துண்டு அதேதானே?"

"எல்லாம் அதேதான். துணுக்குகூட அதே அளவு. கடலைப்பருப்பு அளவுதான் வெட்டுகிறேன்."

"அப்போ பாவம், பயந்திருக்கான். ஸ்வல்பம் பின்னால போங்க. முதல் நாள் பண்ணினதிலேருந்து. நீங்க ரொம்ப வேகமா போயிட்டீங்கன்னு நினைக்கிறேன்."

அட்டவணையைக் கிழித்துப் போட்டேன். அதில் அவள் சொன்னது சரிதான். முதல் நாளிலிருந்து தொடங்கினேன். நாள் இருபத்தொன்று வரை என் ஏந்திய கையில் காற்றுதான் உட்கார்ந்தது. இன்னும் பத்து நாள் இருந்தது. மருத்துவமனை வாசலுக்கு ஆட்டோவில் கொண்டுபோய், உள்ளே போகாமல், கொஞ்சம் தின்னக் கொடுத்துத் திரும்பக் கூட்டி வரும் பயிற்சியையும் இரண்டு முறை செய்தோம். வாசலிலும் தின்னவில்லை. மனைவி ஆட்டோவில் திரும்பும்போது, "மயக்க ஊசி போட்டாத் தாங்குவானுங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நாள் இருபத்திரண்டு, சனிக்கிழமை. காலையில் தலைக்குக் குளித்து, ஈரத் தலைமுடியை முடிந்துகொண்டு, பெருமாளுக்கு மாவிளக்குப் போட அவள் வெண்ணெய் உருக்கிக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் துண்டின்மேல் வழக்கம்போல் கையை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நெய் காய்ந்து பொன்னிறத்துக்கு வரும் நேரத்தில் வீடெல்லாம் ஒரு வாசனை வருமே, அது வந்தது.

"ஏனுங்க."

"என்ன?"

"சத்தம் போடாம வந்து பாருங்க. எந்திரிக்காதீங்க. அப்படியே தவழ்ந்து வாங்க."

அறுபத்தாறு வயதில் தவழ்ந்து போனேன். சமையலறைத் தரையில் அவள் காலை நீட்டி உட்கார்ந்து, வாணலியிலிருந்து நெய்யைப் பாத்திரத்தில் வடித்துவிட்டிருந்தாள். அடியில் தங்கிய பழுப்புக் கசண்டைச் சட்டுவத்தால் வழித்து ஒரு தட்டில் வைத்திருந்தாள். அவளுடைய இன்னொரு கை மடியில் சும்மா விரிந்து கிடந்தது. அந்த உள்ளங்கையில் நாயின் தாடை இருந்தது. முழுக் கனத்தோடு. கண் இரண்டும் தட்டின்மேல்.

"இப்ப நானென்ன பண்ணட்டுமுங்க? கைய எடுத்தா கோவிச்சுக்குவானா?"

"சொடுக்கு. சொடுக்கிட்டு அதில் ஒரு துளி கொடு."

சொடுக்கினாள். குன்றிமணி அளவு கசண்டைக் கொடுத்தாள். அவன் நக்கிவிட்டு, ஒரு நொடிகூட யோசிக்காமல் தாடையைத் திரும்பவும் அதே கையில் வைத்தான்.

"குளிச்சதும் போச்சு, மடியும் போச்சு" என்றாள். கையை எடுக்கவில்லை.

"சாமிக்கு இன்னும் படைக்கவில்லையே?" என்றேன்.

"சாமிக்கு நெய்யி. இவனுக்குக் கசண்டு. எங்க வீட்டுல எருமை வெண்ணெ காய்ச்சற நாளெல்லாம் இதுக்குத்தான் நாங்க நாலு பேரும் அடிச்சுக்குவோம். ஈரல்தான் இல்லீன்னு ஆயிப்போச்சு, இதாச்சும் தின்னட்டும் பாவம்."

ஈரல் இல்லை.

எழுந்து போய் இரண்டு அலமாரியிலிருந்தும் இரண்டு நோட்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். நாய் நோட்டில் நாள் பதின்மூன்று: "வரவில்லை. காரணம் தெரியவில்லை." வீட்டு நோட்டில் அதே வியாழக்கிழமை, என் கையெழுத்தில், கொட்டை எழுத்தில்: "புரட்டாசி ஒன்று. இன்று முதல் வீட்டில் கவிச்சி கிடையாது. முட்டை உட்பட." எங்கள் ஊர்ப்பக்கத்துக் குடும்பங்களில் புரட்டாசி முழுக்க அசைவம் சமைப்பதில்லை. அன்று காலை நானே ஈரல் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அதற்குப் பதில் கேரட்டை வெட்டியிருக்கிறேன். கடலைப்பருப்பு அளவில், துல்லியமாக. ஒன்பது நாள், பீரங்கியையும் பிள்ளையாரையும் சோப்பையும் குற்றம் சொல்லிக்கொண்டு, பயந்த நாய் ஒன்றிடம் அதற்கு இருக்கிற மிகப் பெரிய பயத்தைக் கேரட்டுக்கு விற்கச் சொல்லியிருக்கிறேன்.

பயிற்சிக்காரப் பெண்ணிடம் சொன்னபோது போனில் வெடித்துச் சிரித்தாள்.

"அங்கிள்! எங்க வீட்டுல ஷ்ராவண மாசம் பூரா நான்வெஜ் இல்ல. அது முடிஞ்சு, நாங்க பிரியாணி சாப்பிட்டு, எல்லாம் ஆச்சு. உங்களுக்கும் முடிஞ்சிருக்கும்னு நினைச்சு நான் கேக்கவே இல்ல. நீங்க இப்போதான் ஆரம்பிச்சீங்களா?"

"எங்களுக்குப் புரட்டாசி."

"அவனுக்கு எதுவும் இல்ல! அவன்கிட்ட யார் சொன்னாங்க?"

கசண்டு கொடுக்கலாமா என்று வைத்தியரிடமும் கேட்டுக்கொண்டோம். கொழுப்பு அதிகம், அதனால் துளித் துளியாக, ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம் என்றார்.

அதற்குப் பிறகு நாட்கள் நன்றாக நடந்தன. ஆனால் ஒரு மாற்றம்: கை அவளுடையது. தினமும் காலை பத்து மணிக்குச் சமையலறைத் தரையில் அவள் உட்காருவாள். அவன் வந்து தாடையை வைப்பான். "வாடா ராசா, காதக் காட்டு. காட்ட மாட்டியா? செரி, போ. நாளைக்கிப் பாக்கலாம்" என்று அவனோடு பேச்சு வேறு. அவன் தாடையை எடுத்தால் உடனே விட்டுவிடுவாள். எனக்கு எழுதி வைத்துக்கொண்டும் வராத பொறுமை அவளுக்கு எழுதாமலே வந்தது. நாள் இருபத்தாறில் காதுமடலைத் தூக்க விட்டான். இருபத்தெட்டில் காலி மருந்துப் புட்டியின் மூக்கைக் காதுக்கருகே கொண்டுபோக விட்டான். புட்டியைப் பிடித்தது நான். அதுவரை வந்தான். என் கையில் மட்டும் தாடை வைக்கவில்லை. நான் ஏந்தினால் நின்று பார்ப்பான். போகவும் மாட்டான், வரவும் மாட்டான்.

"வருவானுங்க. நீங்க மூஞ்சிய அப்படி வெச்சுக்காம இருந்தாலே வருவான்" என்றாள்.

நாள் முப்பத்தொன்று, திங்கட்கிழமை, காலை பத்தரை. தசரா விளக்குகள் கட்டிய தெருக்கள் வழியாக ஆட்டோவில் போனோம். துண்டைக் கொண்டுபோனோம். கசண்டு ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில். மருத்துவமனை மேசையின்மேல் துண்டை விரித்து ஏற்றினோம். வீட்டில் எட்டு, பத்து நொடி நின்றவன் அங்கே நடுங்கினான். பினாயில் வாசனை, பக்கத்து அறையில் ஒரு குட்டியின் அழுகை. என் மனைவி கையை ஏந்தினாள். அவன் பார்க்கவே இல்லை. சொடுக்கினாள். காது அசைந்தது, அவ்வளவுதான். கசண்டை மூக்கருகே காட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வைத்தியர் ஐந்து நிமிடம் பொறுமையாகக் காத்தார். நல்ல மனிதர். பிறகு, வலுக்கட்டாயமாகப் பிடிக்க எனக்கு விருப்பமில்லை, உங்களுக்கும் இருக்காது, இன்று மட்டும் லேசான மயக்கம் கொடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். இதயத்தைப் பற்றி மறுபடி எச்சரித்தார். அபாயம் தெரிந்து சம்மதிக்கிறோம் என்ற தாளை எடுத்து நிரப்பி என்னிடம் நீட்டினார்.

தாளை வாங்க இடது கையை நீட்டினேன், உள்ளங்கை மேலே பார்த்தபடி. வலது கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போய்ப் பேனாவை எடுத்தது. அமுக்கினேன்.

டக்.

தாள் என் கைக்கு வரவில்லை. அதற்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. ஈரமாக, எதிர்பார்த்ததைவிடக் கனமாக. நடுக்கம் அதில் இன்னும் இருந்தது. என் மணிக்கட்டு வரை தெரிந்தது. ஆனால் அவன் எடுக்கவில்லை.

என் மனைவி டப்பாவைத் திறந்து ஒரு துளியைக் கொடுத்தாள். நக்கினான். தாடை இருந்த இடத்திலேயே இருந்தது. வைத்தியர் தாளை மேசையோரம் மெல்ல வைத்துவிட்டு, காது பார்க்கும் விளக்கை எடுத்தார். காதுமடலைத் தூக்கினார். ஒரு துளி. உள்ளே பார்த்தார். இன்னொரு துளி. பதினொரு நொடி என்று நினைக்கிறேன். அன்று என்னால் சரியாக எண்ண முடியவில்லை.

"க்ளீனாகி இதே" என்றார் கன்னடத்தில், கிசுகிசுப்பாக. குழாய் திறந்திருக்கிறது, வீக்கம் இல்லை, இன்றே முதல் சொட்டை இங்கேயே விட்டுவிடலாம்.

மருந்தை விட்டார். அவன் கண்ணை ஒருமுறை இறுக மூடித் திறந்தான்.

பழக்கதோஷத்தில் நேரத்தைக் குறித்துக்கொள்ளலாமே என்று வலது கை திரும்பவும் பேனாவின் தலையைத் தேடியது.

"ஏனுங்க, அந்தப் பேனாவப் பையில போடுங்க" என்றாள் என் மனைவி. "டப்பா காலி. கைய மட்டும் எடுக்காதீங்க."

எடுக்கவில்லை. அவனாக எடுக்கும் வரை நின்றேன். எவ்வளவு நேரம் என்று இரண்டு நோட்டிலும் இல்லை.